கூலிக்கு ஆடியவர்கள்: பேஸ்பால் குழுக்களின் வரலாறு



நாம் பணிபுரியும் தோட்டப் பள்ளியில் ஒரு நாள் மாலை, பிள்ளைகள் திடலில் ரவுண்டர்ஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்து வியர்வையோடு வந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "சார், அமெரிக்காவிலே இதே மாதிரி ஆட்டம் ஆடினா சம்பளம் கொடுப்பாங்களாமே, நெசமா?" என்று கேட்டான். உண்மைதான் என்றோம். "விளையாடுறதுக்கு யாரு சார் சம்பளம் கொடுக்கிறது? சம்பளம் பத்தலைன்னா வேற இடத்துக்குப் போயிடலாமா?" என்று அடுத்த கேள்வி வந்தது. உழைத்துக் கூலி வாங்கும் வீட்டுப் பிள்ளை அல்லவா! கேட்க வேண்டியதைத்தான் கேட்டான். வகுப்பறை வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற பதில் அன்று. இன்றைய உரையை அந்தப் பதிலாகவே வைத்துக்கொள்வோம்.

அந்த ஆட்டத்தின் பெயர் பேஸ்பால். பள்ளியில் ரவுண்டர்ஸும் சாஃப்ட்பாலும் ஆடியவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. ஒவ்வொரு பக்கமும் 90 அடி நீளமுள்ள ஒரு சதுரம். நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள். ஒருவர் பந்தை எறிவார். எதிர்க்குழுவைச் சேர்ந்தவர் உருண்டையான மட்டையால் அதை அடித்துவிட்டு ஓடுவார். நான்கு தளங்களையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். பக்கத்துக்கு 9 பேர், 9 சுற்றுகள். இவ்வளவுதான் ஆட்டம்.

இந்த ஆட்டத்துக்கு முதன்முதலில் தெளிவான விதிகளை எழுதி வைத்தவர்களுள் முக்கியமானவர்கள், 1845ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் கூடிய நிக்கர்பாக்கர் சங்கத்தினர். மறு ஆண்டு ஜூன் 19ஆம் நாள் அவர்கள் வேறொரு குழுவோடு மோதி, 23க்கு 1 என்ற கணக்கில் தோற்றுப் போனார்கள்! அவர்கள் வசதியுள்ளவர்கள். மாலைப் பொழுதைக் கழிக்க ஆடினார்கள். ஆட்டத்துக்குப் பணம் வாங்குவது இழிவு என்று நினைத்தார்கள். ஆனால் ஊருக்கு ஊர் போட்டி வளர்ந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. கூட்டத்திடம் நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். கட்டணம் வந்த பிறகு, நன்றாக ஆடுகிறவர் கையில் யாரும் பார்க்காத நேரத்தில் கொஞ்சம் பணம் திணிக்கும் வழக்கமும் வந்தது.

மறைவாக நடந்ததை வெளிப்படையாக்கியவர் ஹாரி ரைட். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய், கிரிக்கெட் ஆடிப் பிழைத்தவர். 1869ஆம் ஆண்டு, சின்சினாட்டி நகரத்தின் ரெட் ஸ்டாக்கிங்ஸ் குழுவில் 10 பேருக்கும் சம்பளம் நிர்ணயித்தார். ரெட் ஸ்டாக்கிங்ஸ் என்றால் சிவப்புக் காலுறை. ஹாரி ரைட்டுக்கு 1,200 டாலர். அவருடைய தம்பி ஜார்ஜுக்கு 1,400 டாலர். ஆட்டத்தில் தம்பியே கெட்டிக்காரர். ஆகவே அண்ணனைவிடத் தம்பிக்கு அதிகம். அந்த ஆண்டுதான் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இரயில்பாதை முடிந்திருந்தது. அந்த இரயிலில் ஏறி, சான் பிரான்சிஸ்கோ வரை போய் ஆடினார்கள். அந்த ஆண்டு முழுவதும் ஓர் ஆட்டத்திலும் அவர்கள் தோற்கவில்லை. 1870 ஜூனில் புரூக்ளின் குழுவிடம் ஒரே ஓட்ட வித்தியாசத்தில்தான் முதல் தோல்வி கண்டார்கள்.

முழு நேரமும் பயிற்சி செய்பவர்களை, ஓய்வு நேரத்தில் ஆடுகிறவர்கள் வெல்ல முடியாது என்பதை நாடே கண்டுகொண்டது. 1871ஆம் ஆண்டு, தொழிலாக ஆடுகிறவர்களின் முதல் சங்கம் தோன்றியது. 10 டாலர் கட்டிய எந்தக் குழுவும் அதில் சேரலாம். வந்தவர்கள் வந்தார்கள்; நடுவில் விட்டுப் போனவர்களும் உண்டு. சூதாட்டமும் புகுந்தது. ஐந்து ஆண்டுகளோடு அந்தச் சங்கம் முடிந்தது.

பிறகு வந்ததுதான் நேஷனல் லீக். 1876 பிப்ரவரி 2ஆம் நாள் சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் ஹல்பர்ட் என்ற வணிகர் இதை அமைத்தார். சிகாகோ, பாஸ்டன், செயின்ட் லூயிஸ் முதலிய 8 நகரங்களின் குழுக்கள் அதில் சேர்ந்தன. முன்பிருந்த சங்கத்தின் பெயரில் ஆட்டக்காரர்கள் என்ற சொல் இருந்தது. புதிய லீக்கின் பெயரில் அந்தச் சொல் இல்லை. அது குழுக்களின் லீக். அதாவது, அதிகாரம் ஆடுகிறவர்களின் கையிலிருந்து, குழுவை நடத்தும் முதலாளிகளின் கைக்கு மாறிவிட்டது. இந்த நேஷனல் லீக் இன்றும் நடக்கிறது.

நேயர்களே, இனித்தான் நம் மாணவன் கேட்ட இரண்டாவது கேள்வி வருகிறது. சம்பளம் போதவில்லை என்றால் வேறு இடத்துக்குப் போகலாமா?

தொடக்கத்தில் போக முடிந்தது. நல்ல ஆட்டக்காரருக்கு அடுத்த ஊர்க் குழு கூடுதல் பணம் தர முன்வந்தால் அவர் போய்விடுவார். இதனால் சம்பளம் ஏறியது. முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. 1879ஆம் ஆண்டு அவர்கள் ஒன்றுகூடி, இரகசியமாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு குழுவும் 5 ஆட்டக்காரர்களின் பெயரைக் குறித்து வைக்கலாம். அந்த ஐவரை வேறெந்தக் குழுவும் வேலைக்கு எடுக்கக் கூடாது. இதைத் தக்கவைக்கும் விதி என்று சொல்லலாம். 5 பேரோடு நிற்காமல், சில ஆண்டுகளில் எல்லா ஆட்டக்காரர்களையும் இந்த விதி பிடித்துக்கொண்டது. ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். ஆனால் ஆண்டு முடிந்தாலும் ஆட்டக்காரர் அந்தக் குழுவையே சார்ந்தவர். முதலாளி அவரை வேறு குழுவுக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், வீட்டுக்கும் அனுப்பலாம். ஆட்டக்காரர் மட்டும் தாமாகப் போக முடியாது. கொடுக்கிற சம்பளத்துக்கு ஆட வேண்டும். இல்லையென்றால் அந்தத் தொழிலையே விட வேண்டும்.

ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த முன்னோரின் கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்த விதியின் கடுமையை நீட்டி விளக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டோம். பேஸ்பால் ஆட்டக்காரருக்குக் கிடைத்த சம்பளம் வேறு, மரியாதை வேறு. ஆயினும், 'இந்த இடத்தை விட்டுப் போக உனக்கு உரிமை இல்லை' என்ற சொல் யார் காதில் விழுந்தாலும் கசப்பாகத்தான் இருக்கும்.

அந்தக் கசப்பை முதலில் வெளியே சொன்னவர் ஜான் மாண்ட்கோமரி வார்ட். பந்து எறிவதில் பேர் வாங்கியவர். ஆடிக்கொண்டே சட்டமும் படித்துத் தேறியவர். 1885ஆம் ஆண்டு அவர் தலைமையில் ஆட்டக்காரர்களின் சங்கம் உருவானது. முதலாளிகள் விடவில்லை. 1889ஆம் ஆண்டுப் பருவத்துக்கு ஆட்டக்காரர்களை ஐந்து வகுப்பாகப் பிரித்து, உச்ச வகுப்புக்கு 2,500 டாலர், கடைசி வகுப்புக்கு 1,500 டாலர் என்று வரம்பு கட்டினார்கள். வகுப்பைத் தீர்மானிக்க ஆட்டத்தை மட்டுமல்லாமல், வெளியே அவர்களுடைய நடத்தையையும் பார்த்தார்கள். பொறுத்தது போதுமென்று 1890ஆம் ஆண்டு ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்றே ஒரு லீக் தொடங்கினார்கள். பேர் பெற்ற ஆட்டக்காரர்கள் பலர் அங்கே போனார்கள். தக்கவைக்கும் விதி அங்கே கிடையாது. ஆனால் பணம் போட்டவர்கள் நட்டத்துக்கு அஞ்சி, பழைய முதலாளிகளோடு பேசி முடித்துக்கொண்டார்கள். ஒரே ஆண்டில் அந்த லீக் கலைந்தது. ஆட்டக்காரர்கள் பழைய விதிக்கே திரும்பினார்கள்.

1901ஆம் ஆண்டு பான் ஜான்சன் என்பவரின் முயற்சியில் அமெரிக்கன் லீக் பெரிய லீக்காக எழுந்து, நேஷனல் லீக்குக்குச் சரிநிகராக நின்றது. சண்டை ஓய்ந்து, 1903ஆம் ஆண்டு இரு லீக்குகளின் வெற்றிக் குழுக்களும் மோதின. அதில் பாஸ்டன் குழு பிட்ஸ்பர்க் குழுவை 5க்கு 3 என்று வென்றது. உலகத் தொடர் என்று பெயர் பெற்ற போட்டி இதுதான். 1919ஆம் ஆண்டுத் தொடரில் சூதாடிகளிடம் பணம் பெற்றதாகச் சிகாகோ ஆட்டக்காரர்கள் 8 பேர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. நீதிமன்றம் விடுவித்தும், 1921ஆம் ஆண்டு அவர்களை வாழ்நாள் முழுவதும் விலக்கி வைத்தார் ஆணையர் லாண்டிஸ். மறு ஆண்டு, 1922இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வணிக ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்பதே அது. முதலாளிகளின் விதிக்கு அந்தத் தீர்ப்பு பெரிய வேலியாக அமைந்தது.

இந்த விதிக்குள் கட்டுண்டிருந்தவர்கள் வெள்ளையர். கறுப்பினத்தவருக்கோ வாசலே திறக்கவில்லை. 1884ஆம் ஆண்டு மோசஸ் பிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் டொலிடோ குழுவில் ஆடியதுண்டு. அதன் பிறகு முதலாளிகளுக்குள் எழுதாத உடன்படிக்கை ஒன்று வேரூன்றியது. 60 ஆண்டுக்கு மேல் பெரிய லீக்குகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை.

விரட்டப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. ரூப் போஸ்டர் என்பவர் பந்து எறிவதில் வல்லவர். பிறகு சிகாகோவில் சொந்தக் குழு நடத்தியவர். 1920 பிப்ரவரியில் கான்சாஸ் சிட்டி நகரத்தில் மற்றக் கறுப்பினக் குழுக்களின் உரிமையாளர்களைக் கூட்டி, 8 குழுக்களோடு நீக்ரோ நேஷனல் லீக்கை அமைத்தார். இந்த ஆட்டக்காரர்களுக்குப் பல ஊர்களில் தங்கும் விடுதி கிடைக்காது. சாப்பாட்டுக் கடையில் இடம் கிடைக்காது. பேருந்திலேயே உறங்கி, அடுத்த ஊரில் இறங்கி ஆடினார்கள். 1930ஆம் ஆண்டு கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் குழு, விளக்குகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், இரவில் ஆட்டம் நடத்தியது. பகலெல்லாம் வேலை செய்யும் மக்கள் இரவில்தானே வர முடியும்! பெரிய லீக்கில் இரவு ஆட்டம் வர மேலும் 5 ஆண்டுகள் ஆயின.

இதற்குள் ஆட்டம் கடல் கடந்திருந்தது. 1870களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஆசிரியராக இருந்த ஓர் அமெரிக்கர் தம் மாணவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்திருந்தார். 1934ஆம் ஆண்டு பேப் ரூத் முதலிய அமெரிக்க வீரர்கள் ஜப்பானில் சுற்றி ஆடினார்கள். அந்த ஆண்டு இறுதியில் அங்கே தொழில்முறைக் குழு அமைந்தது. 1936ஆம் ஆண்டு 7 குழுக்களோடு லீக் தொடங்கியது. நகரத்தின் பெயரைவிட, குழுவை நடத்திய பத்திரிகை நிறுவனம், இரயில் நிறுவனம் ஆகியவற்றின் பெயரே அங்கு முன்னால் நின்றது.

பிறகு போர் வந்தது. இங்கேதான் நம் தோட்டங்களுக்கும் அந்த ஆட்டத்துக்கும் ஒரு தொடர்பு ஏற்பட்டது. பேஸ்பால் பந்தின் நடுவே தக்கை இருக்கும். தக்கையைச் சுற்றி ரப்பர், ரப்பரின்மேல் இறுகச் சுற்றிய கம்பளி நூல், அதற்கு மேல் தோல். பந்து துள்ளுவது ரப்பரால்தான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்து மலாயா முழுவதும் ஜப்பானியர் வசமானபோது, நம் தோட்டங்களின் ரப்பர் அமெரிக்காவுக்குப் போவது நின்றது. இருந்த ரப்பர் போர்த் தேவைக்கே வேண்டியிருந்தது. ஆகவே 1943ஆம் ஆண்டு ஆட்டப் பருவத்துக்குச் செய்த பந்தில், பலாட்டா என்ற வேறொரு மரத்தின் பாலைச் சேர்த்தார்கள். பந்து துள்ளவில்லை. ஓங்கி அடித்தாலும் தொலைவு போகவில்லை. ஓட்டமே எடுக்காமல் குழுக்கள் தோற்றன. கூச்சல் கிளம்பவே, சில வாரங்களில் பந்தை மாற்றினார்கள். விடியற்காலையில் எழுந்து பால் மரம் சீவிய கைகளுக்கும், கடலுக்கப்பால் பந்தடித்த கைகளுக்கும் ஒன்றையொன்று தெரியாது. ஆனாலும் ஒன்றின் உழைப்பு நின்றதும் மற்றதன் ஆட்டம் தளர்ந்தது.

அதே 1943ஆம் ஆண்டு, ஆண்கள் போருக்குப் போய்விட்டதால், சூயிங்கம் கம்பெனி முதலாளி பிலிப் ரிக்லி பெண்களுக்கென ஒரு லீக் தொடங்கினார். நான்கு குழுக்களோடு ஆரம்பித்தது. பாவாடை உடுத்தித்தான் ஆட வேண்டும் என்று விதித்தார்கள். ஓடிச் சறுக்கி முழங்கால் தேய்ந்தது. அப்படியும் அந்த லீக் 1954 வரை நடந்தது.

போர் முடிந்தபின் நிறத்தடையும் உடைந்தது. 1947 ஏப்ரல் 15ஆம் நாள், ஜாக்கி ராபின்சன் என்ற 28 வயது கறுப்பினத்தவர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவில் திடலில் இறங்கினார். அவரைச் சேர்த்தவர் பிராஞ்ச் ரிக்கி. வசைச் சொற்களையெல்லாம் ராபின்சன் ஆட்டத்தால் வென்றார். ஆனால் அவர் முன்பு ஆடிய கறுப்பினக் குழுவுக்கு ரிக்கி ஒரு காசும் கொடுக்கவில்லை. நல்ல ஆட்டக்காரர்களெல்லாம் பெரிய லீக்குக்குப் போகப் போக, கறுப்பின லீக்குகள் மெலிந்து மறைந்தன. ஜோஷ் கிப்சன் என்ற மாபெரும் மட்டையாளர், ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பே, 35 வயதில் இறந்து போனார். வாசல் திறந்ததைப் பார்க்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

நிறத்தடை போனது. தக்கவைக்கும் விதி போகவில்லை.

1966ஆம் ஆண்டு ஆட்டக்காரர்களின் சங்கத்துக்குத் தலைமையேற்றவர் மார்வின் மில்லர். எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். அப்போது பெரிய லீக்கில் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 6,000 டாலர். 1968ஆம் ஆண்டு கையெழுத்தான முதல் கூட்டு ஒப்பந்தம் அதை 10,000 டாலராக உயர்த்தியது.

1969 அக்டோபரில், செயின்ட் லூயிஸ் குழுவில் 12 ஆண்டுகள் ஆடிய கர்ட் பிளட் என்ற கறுப்பின வீரருக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. அவரைப் பிலடெல்பியா குழுவுக்கு மாற்றிவிட்டார்களாம்! ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது அவர் சம்பளம் 90,000 டாலர். 'இவ்வளவு வாங்குகிறவருக்கு என்ன குறை?' என்று பலர் கேட்டார்கள். பணத்தைப் பற்றிய வழக்கன்று இது. தாம் வாங்கி விற்கும் பொருள் அல்ல என்று அந்த ஆண்டு டிசம்பரில் ஆணையருக்குக் கடிதம் எழுதினார் பிளட். வழக்குத் தொடர்ந்தால் தோற்கலாம், ஆட்ட வாழ்வும் முடியலாம் என்று மில்லர் எச்சரித்தார். பின்னால் வரும் ஆட்டக்காரர்களுக்கு இதனால் பயன் உண்டா என்று கேட்டார் பிளட். உண்டு என்று மில்லர் சொன்னதும் வழக்குப் போட்டார்.

1970ஆம் ஆண்டு விசாரணை நடந்தபோது, அன்று ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் ஒருவரும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. சங்கம் செலவை ஏற்றது. ஆனால் பக்கத்தில் வந்து உட்கார ஒவ்வொருவருக்கும் வேலை போய்விடும் என்ற பயம். வந்து சாட்சி சொன்னவர்களுள் ஒருவர், ஓய்வு பெற்று, நோயால் கண்பார்வை மங்கிப் போயிருந்த ஜாக்கி ராபின்சன். 1972ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் பிளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1971இல் வாஷிங்டன் குழுவில் 13 ஆட்டங்கள் ஆடியதோடு அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்திருந்தது.

வழக்குத் தோற்றது, ஆனால் உறங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். 1972ஆம் ஆண்டு ஆட்டக்காரர்கள் முதன்முறையாக நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தார்கள். 1975ஆம் ஆண்டு ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் ஓராண்டைக் கடத்தினார்கள். ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டிக்கலாம், ஆயுள் முழுவதும் நீட்டிக்க முடியாது என்பது அவர்கள் வாதம். அது சரியென்று டிசம்பர் 23ஆம் நாள் தீர்ப்புச் சொன்னார் தொழில் தகராற்று நடுவர் பீட்டர் சைட்ஸ். முதலாளிகள் உடனே அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஆனால் தீர்ப்பு நின்றது. 1879இல் போட்ட கட்டு 96 ஆண்டுகளுக்குப் பிறகு அவிழ்ந்தது. மறு ஆண்டு ஏற்பட்ட ஒப்பந்தப்படி, 6 ஆண்டுகள் ஆடியவர் தாம் விரும்பும் குழுவோடு பேசிச் சேரலாம்.

இன்று அமெரிக்காவின் இரு பெரிய லீக்குகளிலும் சேர்த்து 30 குழுக்கள் உள்ளன. அவற்றுள் டொராண்டோ மட்டும் கனடாவில் இருக்கிறது. தென்கொரியாவில் 1982ஆம் ஆண்டும், தைவானில் 1990ஆம் ஆண்டும் தொழில்முறை லீக்குகள் தொடங்கின. பெரிய ஆட்டக்காரர்கள் கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறார்கள். ஆனால் பெரிய லீக்குக்கு வர ஏங்கி, கீழ்நிலை லீக்குகளில் ஆடும் இளைஞர்கள் நெடுங்காலம் சொற்பக் கூலிக்கே ஆடினார்கள். 2022ஆம் ஆண்டு அவர்களும் சங்கத்தில் சேர்ந்து, 2023ஆம் ஆண்டு தங்கள் முதல் கூட்டு ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். கறுப்பின லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று 2020ஆம் ஆண்டு அறிவித்தார்கள். 2024ஆம் ஆண்டு கணக்குகளை ஒன்றாகச் சேர்த்தபோது, வாழ்நாள் மட்டைச் சராசரியில் முதலிடத்தில் வந்து நின்றது ஜோஷ் கிப்சன் பெயர். இறந்து 77 ஆண்டுகள் கழித்து!

கர்ட் பிளட் 1997ஆம் ஆண்டு காலமானார். மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம், பெரிய லீக் ஆட்டக்காரர்களுக்கு மற்றத் தொழில்களில் உள்ளவர்களைப் போலவே சட்டப் பாதுகாப்பு உண்டு என்று ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயர் கர்ட் பிளட் சட்டம்.

நம் மாணவனுக்கு இப்போது பதில் சொல்லலாம். தம்பி, விளையாடுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பவர் குழுவின் முதலாளி. அவருக்கு அந்தப் பணம் வேடிக்கை பார்க்க வரும் மக்களிடமிருந்து வருகிறது. சம்பளம் போதவில்லை என்றால் வேறு இடத்துக்குப் போகலாமா என்றாய். இன்று போகலாம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக, போக முடியாமலே ஆடி முடித்தவர்கள் மூன்று நான்கு தலைமுறை. அவர்களுள் ஒருவர், தமக்குக் கிடைக்காது என்று தெரிந்தும் பின்னால் வருபவர்களுக்காக நீதிமன்றப் படியேறினார். நாளைக்குத் திடலில் நீ பந்தை அடித்துவிட்டு ஓடும்போது, அவர் பெயரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்.